மென்டர் என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? தமிழில் அதற்கு என்ன சொல்?

மொட்டைமாடி டீச்சர் (தண்டையார்பேட்டை) கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் பி.எட். முடித்தவள். 2022 தொடக்கத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, எழுத்தே மறந்துபோய் வந்த பிள்ளைகள். அந்த வேலை எனக்குக் கைவந்தது. ஒரு பிள்ளைக்குக் கழித்தலில் கடன் வாங்குவது புரியவில்லை என்றால் புளியங்கொட்டையை எடுத்து முன்னால் வைக்கத் தெரியும்.

இப்போது வந்திருக்கும் வேலை வேறு. நான் படித்த கல்லூரியில் பழைய மாணவிகளை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கைகொடுக்கும் 'மென்டர்' ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு ஐந்து பேர், எல்லாரும் பி.காம். முதலாமாண்டு. ஐந்து வீட்டிலும் முதல் பட்டதாரி இந்தப் பெண்கள்தான். அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் முதல் பக்கத்திலேயே, மென்டர் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் பெயர், அவர் டெலிமாக்கஸ் என்ற இளவரசனை வளர்த்து ஆளாக்கிய ஞானி என்று போட்டிருந்தது. அப்புறம் ஒரு படிவம். மாதம் எத்தனை முறை சந்தித்தீர்கள், எத்தனை நிமிடம், கையெழுத்து. என் காலத்திலும் இதே மாதிரி ஒரு படிவம் உண்டு. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். மூன்று வருஷத்தில் அந்த மேடத்திடம் நான் ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை. அது மாதிரி நான் இருக்கக் கூடாது என்றுதான் சரி என்றேன்.

ஐவரில் ஒரு பெண். பெயர் வேண்டாம், தங்கச்சி என்று சொல்கிறேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து எங்கள் பக்கம் தெருவில் வைத்து விற்கிறவர். தங்கச்சி பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், தமிழ் வழி. கல்லூரியில் கணக்குப்பதிவியல் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் தேர்வில் 9 மார்க். நான் பதறிப்போய், அவள் போட்டோ எடுத்து அனுப்பும் கணக்கையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து நானே போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டுப்பாடத்தில் நல்ல மார்க் வந்தது. அடுத்த தேர்வில் பேப்பரை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டால், "நீங்க போட்டப்ப புரிஞ்சுதுக்கா. நான் போட்டா வரல" என்கிறாள்.

சரி, நாம்தான் அதிகமாகச் செய்துவிட்டோம் என்று ஒதுங்கினேன். "நீயே முயற்சி பண்ணு, தெரியாவிட்டால் கூப்பிடு" என்றேன். இரண்டு வாரம் கூப்பிடவே இல்லை. அப்புறம்தான் இன்னொரு பெண் சொன்னாள், அந்த வகுப்பு நாளன்று தங்கச்சி கல்லூரிக்கே போகவில்லை என்று.

கிட்டே போனாலும் தப்பு, தள்ளி நின்றாலும் தப்பு. பி.எட்.டில் வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர், அவர் சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம் எல்லாம் ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தேன். இப்போது அது எனக்கு உதவுமா, எப்படி உதவும்? அந்தக் கிரேக்கக் கதையில் மென்டர் நிஜமாக என்னதான் செய்தார்? இந்த வேலைக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறதா? பெயர் சரியாக இருந்தால் வேலையும் பிடிபடும் என்று தோன்றுகிறது.

ராயபுரம் வாசகன்:

சொல்லைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மென்டர் என்ற பெயரின் வேர் 'மன' என்பதோடு சேர்ந்தது. நினைத்தல், எண்ணுதல் என்று பொருள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த மந்திரி, மந்திரம் இரண்டுக்கும் அதே வேர்தான். லத்தீனில் அதே வேரிலிருந்து வந்தது 'மானிட்டர்', எச்சரிக்கிறவன் என்று அர்த்தம். வகுப்பு மானிட்டரும் மென்டரும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

மானிட்டருக்குத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று பெயர் இருந்தது. இதில் நம்ம ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் எழும்பூரில் இருந்த அனாதைப் பையன்கள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

ஆனால் உங்கள் வேலை சட்டாம்பிள்ளை வேலை இல்லை. அது ஒரே பாடத்தை நூறு பேருக்கு ஒப்பிக்க வைக்கிற முறை. உங்களிடம் இருப்பது ஐந்து பேர், ஐந்து விதமான பயம். 'வழிகாட்டி' என்றால் ரோட்டோரம் நிற்கிற பலகையையும் அப்படித்தான் சொல்கிறோம். 'குரு' என்றால் காலில் விழ வேண்டும். 'வாத்தியார்' நம்ம ஏரியாவில் பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பவருக்கும் உண்டு, எனக்குப் பிடித்த சொல், ஆனால் கல்லூரியில் ஏற்கமாட்டார்கள். நல்ல சொல் யாராவது சொன்னால் நானும் தெரிந்துகொள்கிறேன்.

ஃபிட்டர், பெரம்பூர்:

நான் தியரி படித்தவன் இல்லை. பெரம்பூர் பக்கம் ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 1984-ல் அப்ரண்டிசாகச் சேர்ந்து, கடைசிப் பத்து வருஷம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவன். அதை வைத்துச் சொல்கிறேன்.

வந்தவுடன் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி மட்டமாக்கச் சொல்வார்கள். பார்க்க சுலபம். ராவினால் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் வரும். புதுப் பையன் எல்லாருக்கும் அப்படித்தான் வரும், ஏனென்றால் அரம் முன்னால் போகப்போக எந்தக் கையில் எவ்வளவு பாரம் மாற்ற வேண்டும் என்பதை வாயால் சொல்ல முடியாது. என் இன்ஸ்ட்ரக்டர் என் பின்னால் நின்று, என் இரண்டு கை மேலும் தன் கையை வைத்து நாலு தடவை ராவுவார். அப்புறம் வலது கையை எடுப்பார். அப்புறம் இடது. கடைசியில் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "எங்க வெளிச்சம் தெரியுது? நீயே பார்." எங்கே மேடு என்று அவர் சொல்லமாட்டார்.

டீச்சரம்மா, நீங்கள் கணக்கைப் போட்டு அனுப்பியது, இன்ஸ்ட்ரக்டரே ராவி என் டேபிளில் வைத்த மாதிரி. "நீயே பண்ணு" என்றது, அரத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போன மாதிரி. நடுவில் ஒரு படி இருக்கிறது. உங்கள் கை அவள் கை மேல் இருக்க வேண்டும், ஆனால் அரம் அவள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கெட்டுப்போன துண்டைப் போட எங்களுக்கு ஒரு தொட்டி உண்டு. அதில் போட்டால் யாரும் திட்டமாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தப்பாகப் போட்டுக் கிழித்துப் போட ஒரு நோட்டு இருக்கிறதா? மார்க் போடாத நோட்டு?

காஜா பட்டன் (பழைய வண்ணாரப்பேட்டை):

டீச்சர், உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் ஒரு தையல் கடையில் காஜா பையன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போவேன். இரண்டு இடத்திலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கதை. உங்கள் பயிற்சியில் திரையில் போட்டது, ஹோமர் என்ற கிரேக்கக் கவி ஒடிசி காவியத்தில் சொன்ன கதை இல்லை. டெலிமாக்கஸின் அப்பா ஒடிசியஸ் போருக்குப் புறப்படும்போது தன் வீட்டை மென்டர் என்ற நண்பரின் பொறுப்பில் விட்டுப் போகிறான், அது உண்மை. ஆனால் இருபது வருஷத்தில் அந்த மனிதர் பையனை வளர்த்ததாக ஹோமர் எங்கேயும் சொல்லவில்லை. வீட்டில் அயோக்கியர்கள் புகுந்து ஆட்டையெல்லாம் அடித்துத் தின்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் மென்டர் எழுந்து, நீங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று ஊரைக் கடிந்துகொள்கிறார். ஒருவன் எதிர்த்துப் பேசுகிறான், கூட்டம் கலைந்துவிடுகிறது. நிஜ மென்டர் செய்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

வேலையைச் செய்தது அதீனா என்ற தெய்வம், மென்டரின் உருவத்தில் வந்து. அவள் செய்ததைக் கவனியுங்கள். டெலிமாக்கஸ் அப்பாவைத் தேடிப் போக நினைக்கிறான், கப்பல் இல்லை, ஆள் இல்லை. அதீனா நோயிமோன் என்பவனிடம் கப்பலை இரவல் கேட்டு வாங்குகிறாள், துடுப்பு போட இருபது பேரைச் சேர்க்கிறாள், அவனோடு கப்பலில் ஏறி உட்காருகிறாள். பைலோஸ் கரையில் இறங்கியதும் பையனுக்குக் கால் வரவில்லை. நெஸ்டர் என்ற வயதான அரசரிடம் போய்ப் பேச வேண்டும். எனக்குப் பேசிப் பழக்கமில்லை, பெரியவரைக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறான். உங்கள் தங்கச்சிக்கு இருப்பது இதுதான், டீச்சர். இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துப் பழைய கூச்சம்.

அதீனா அவனுக்காகப் பேசவில்லை. பேசுவதை எழுதியும் கொடுக்கவில்லை. சிலது உனக்கே தோன்றும், சிலது தெய்வம் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறாள். அவன் பின்னால் போகிறான். நெஸ்டரிடம் அவனேதான் பேசுகிறான். அன்று ராத்திரியே அவள் ஒரு பறவையாகிப் பறந்து போய்விடுகிறாள். அடுத்து ஸ்பார்ட்டாவுக்கு அவன் போகும்போது தேரில் பக்கத்தில் இருப்பது யார்? நெஸ்டரின் மகன், இவன் வயதுப் பையன். பெரியவள் விலகிக்கொண்டாள், சேக்காளி ஒருவனைக் கூட்டிவிட்டுத்தான் விலகினாள். இந்த இடத்தை நான் வருஷா வருஷம் படித்திருக்கிறேன். பையன்களுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்படியானால் அறிவுரை சொல்லும் ஞானி எங்கிருந்து வந்தார்? 1699-ல் ஃபெனலோன் என்ற பிரெஞ்சுப் பேராயரின் நாவல் ஒன்று வெளிவந்தது. பதினான்காம் லூயியின் பேரனுக்கு அவர் ஆசிரியராக இருந்தவர். டெலிமாக்கஸின் பயணத்தையே நீட்டி, மென்டரைக் கூடவே அனுப்பி, அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பேச வைத்தார். அது ஐரோப்பா முழுக்கப் பரவிய பிறகுதான் அந்தப் பெயர் பொதுச்சொல்லாக ஆனது. இன்றைக்குக் கல்லூரியிலும் கம்பெனியிலும் சொல்கிற மென்டர் ஃபெனலோன் வீட்டுப் பிள்ளை. எனக்கு ஹோமரின் மென்டர்தான் வேண்டும்.

இப்போது தையல் கடை. முதலில் பிசிறு வெட்டினேன். அப்புறம் பட்டன், அப்புறம் காஜா, எம்மிங். கை மடிப்பு, காலர் என்று மெஷினுக்குப் போக இரண்டு வருஷம் ஆனது. துணியில் கத்திரி வைக்க இன்னும் இரண்டு வருஷம். சட்டை உருவாகும் வரிசையைப் பாருங்கள்: வெட்டுவது முதலில், காஜாவும் பட்டனும் கடைசியில். கற்றுக்கொள்ளும் வரிசை அப்படியே தலைகீழ். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவில் தையல்காரர்களோடு இருந்து இதையே பார்த்தார். அங்கேயும் பையன்கள் தைத்து முடிக்கும் வேலையில் தொடங்கி, கடைசியில்தான் வெட்டுகிறார்கள். முதலில் தொப்பி, சின்னப் பிள்ளைகளின் உள்ளாடை மாதிரி சிறுசுகள்தான், கோட்டு சூட்டெல்லாம் ரொம்பப் பின்னால். 1991-ல் அவரும் வெங்கரும் எழுதிய புத்தகத்தில் அதிலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார்கள்: புதிதாக வருகிறவன் ஓரத்தில் இருந்தாலும் நிஜ வேலையில் இருக்க வேண்டும், அங்கிருந்து நடுவுக்கு நகர வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடையின் கரி இஸ்திரிப் பெட்டி வாசனை வந்தது. காஜா கெட்டால் பிரித்துத் திரும்ப எடுக்கலாம். வெட்டு கெட்டால் துணி போச்சு. அதனால்தான் அந்த வரிசை. அதோடு, நூறு சட்டைக்குக் காஜா எடுத்தவனுக்கு நல்ல சட்டை கையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும், தான் வெட்டுவதற்கு முன்பே.

அதனால் தங்கச்சியை முதல் வரியிலிருந்து கணக்குப் போடச் சொல்லாதீர்கள். கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் எல்லாம் போட்டு, ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) கடைசி இரண்டு எண்ணை மட்டும் அவள் போடட்டும். அடுத்த கணக்கில் நாலு. அதற்கடுத்து லெட்ஜர், அதாவது பேரேடு, முழுக்க அவளுடையது. ஒவ்வொரு வரவு செலவையும் முதன்முதலில் பதிகிற ஜர்னல் எழுதுவதுதான் கத்திரி வைப்பது, அது பின்னால் வரட்டும்.

வைகாட்ஸ்கி பற்றிக் கேட்டீர்கள். முப்பத்தேழு வயதில் காசநோயில் போய்விட்ட மனிதர், 1934-ல். அவர் சொன்னதைப் பரீட்சை மொழியிலிருந்து எடுத்து வீட்டு மொழியில் வைத்தால் இவ்வளவுதான்: பிள்ளை தனியாகச் செய்வதை மட்டும் பார்க்காதே, பெரியவரோ தன்னைவிடத் தெரிந்த சேக்காளியோ கூட இருந்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் நீங்கள் மனப்பாடம் செய்த மண்டலம், அங்கேதான் சொல்லிக்கொடுப்பது ஒட்டும். 1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூன்று பேரும் முப்பது பிள்ளைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் கோபுரம் அடுக்கச் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளையை வேலைப் பக்கம் இழுப்பதே பெரும்பாடு. நாலு வயதுக்கு, தப்பை வாயால் சொன்னால் போதும். ஐந்து வயதுப் பிள்ளை தானே அடுக்கிவிட்டு, சரியா என்று நிமிர்ந்து பார்க்கும், ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடத்துக்குச் சவுக்குக் கட்டையில் கட்டுகிறோமே, அதே சாரம். பூச்சு காய்ந்ததும் அவிழ்க்க வேண்டும். உங்கள் ஐவரும் ஒரே படிவத்தில் இருந்தாலும் ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள். யாரை இழுக்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குத் தலையாட்டினால் போதும் என்று பாருங்கள். தங்கச்சி முதல் வகை என்று நினைக்கிறேன். "தெரியாவிட்டால் கூப்பிடு" என்பது தலையாட்டினால் போதும் என்ற வகைக்குச் சொல்ல வேண்டியது. எது தெரியவில்லை என்பதே தெரியாத பிள்ளை எதைக் கேட்கும்?

என் மாஸ்டர் முதல் முறை வெட்டக் கொடுத்த துணியில் சாக்பீஸால் அவரே கோடு போட்டிருந்தார். அடுத்த முறை அளவை மட்டும் வாயால் சொன்னார். ஒரு நாள் சட்டைத் துணியை மேஜையில் விரித்துவிட்டு, டீ குடிச்சிட்டு வரேன் என்று இறங்கிப் போனார். நான் வெட்டி முடிக்கும் வரை எதிர்ச் சந்து டீக்கடையில் காலி கிளாஸோடு நின்றிருந்தார். நான் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொன்னதில்லை.

கடைசியாக, சொல். வள்ளுவர் நாற்பத்தைந்தாம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் 'பெரியாரைத் துணைக்கோடல்'. 'துணை' என்பதைத்தான் நான் சொல்வேன். இருட்டில் கொல்லைப்பக்கம் போகப் பயந்தால் பிள்ளை என்ன சொல்லும்? "துணைக்கு வாக்கா" என்னும். துணைக்குப் போகிறவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வாசலில் நின்று போய்ட்டு வா என்று சொல்வதும் இல்லை. கூடவே நடப்பாள். அதே அதிகாரத்தில் 'இடிக்கும் துணையார்' என்று வருகிறது, தப்பு செய்தால் இடித்துச் சொல்கிற துணை. அதுவும் உங்கள் வேலையில் சேரும்.

ராயபுரம் வாசகன்:

துணை. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்காது. பெயராக வேண்டும் என்றால் 'கற்றல் துணை' என்று போடலாம்.

மொட்டைமாடி டீச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரி முதலில் ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்தேன். மார்க் கிடையாது, நான் கேட்டாலும் காட்ட வேண்டாம் என்றேன். அப்புறம் கடைசி வரியிலிருந்து தொடங்கும் முறை. முதல் இரண்டு கணக்கில் அவள் போட்டது கணக்குக்கு இரண்டே எண். மூன்றாவதில் லெட்ஜரின் ஒரு பக்கம் முழுக்கத் தானே போட்டாள். ஆனால் கண்ணில் அந்தப் பயம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து படுத்திருந்தார். ஜன்னலில் ஒரு நோட்டு செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தால், தேதி போட்டு ஏலத்தில் எடுத்த தொகை, ஐஸ், ஷேர் ஆட்டோ, யார் வீட்டுக்குக் கடனாகக் கொடுத்தது, வட்டிக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரருக்குக் கட்டியது, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. எழுத்து தங்கச்சியுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து அம்மா சொல்லச்சொல்ல அவள்தான் எழுதுகிறாளாம். எனக்கு உட்கார்ந்தே இருக்க முடியவில்லை. எட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு நான் ஜர்னல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நோட்டில் ஒரு பெயரைக் காட்டி, இவர் 180 ரூபாய் தர வேண்டுமே, வந்துவிட்டதா என்று தங்கச்சியிடம் கேட்டேன். இன்னும் வரணும் என்றாள். அவருக்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர்? கொஞ்ச நேரம் யோசித்து, "டெப்டாரா?" என்றாள். தண்டல்காரர்? "கிரெடிட்டார்." அப்புறம் நான் கேட்கவே இல்லை, அவளே சொல்லிக்கொண்டு போனாள். விற்காமல் போய் உப்புப் போட்டுக் கருவாடாகக் காய்வது க்ளோசிங் ஸ்டாக். அன்னக்கூடை வாங்கினது வேறு, ஐஸ் வாங்கினது வேறு, கூடை நிறைய நாள் இருக்கும், ஐஸ் அன்றைக்கே போய்விடும் என்றாள்.

திடீரென்று நிறுத்திவிட்டு, "அக்கா, வீட்டுக் குழம்புக்கு எடுக்கிற மீனை எங்க எழுதறது? அம்மா அதை எழுதச் சொன்னதே இல்ல" என்று கேட்டாள். இந்த நாலு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியும், நாக்கு நுனி வரை வந்தது. பைலோஸ் கரை ஞாபகம் வந்தது. "இதை உங்க மேடம்கிட்ட கிளாஸ்ல கேளு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, எங்கள் ஐவரில் கொஞ்சம் வாய்த்துடுக்கானவள், நான் பக்கத்தில் உட்கார்றேன் கேளு என்று போனில் சொன்னாள்.

புதன்கிழமை கேட்டுவிட்டாள். அது எடுப்புகள், கொள்முதலில் கழிக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டு, அந்த மீன் கணக்கையே போர்டில் போட்டு வகுப்பு முழுக்க நடத்தினார்களாம். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவில் இரண்டு பெண்களும் சேர்ந்து பேசினதில் பாதி எனக்குப் புரியவில்லை, அவ்வளவு வேகம்.

தேர்வு இன்னும் வரவில்லை. பாஸ் மார்க் வருமா என்றுகூட இப்போது சொல்லமுடியாது. ஜர்னலில் இன்னும் பக்கம் மாற்றி எழுதுகிறாள். ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வது பெரிய கஷ்டம், அதற்கு நான் இன்னும் கொஞ்ச நாள் கை மேல் கை வைக்க வேண்டியிருக்கும். மாதப் படிவத்தில் 'எத்தனை நிமிடம்' என்ற கட்டத்துக்குக் கீழே மீன் நோட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காஜா பட்டன் ஐயா, ஒரு உதவி. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சொற்கள் பிடிபடும் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பள்ளியில் பழைய பிரதி கிடைக்குமா?

காஜா பட்டன்:

கிடைக்கும். தமிழ்ப் புத்தகம் என் பேத்தியுடையது வீட்டிலேயே இருக்கிறது, ஆங்கிலத்துக்கு நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த இரண்டு பெண்களையே அனுப்புங்கள்.

ஃபிட்டர், பெரம்பூர்:

கருவாடு க்ளோசிங் ஸ்டாக் என்று அவளே சொன்னாளா! என் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் டீச்சரம்மா.